எண்பத்தாறு பேருக்குப் போன செய்தி

பொற்கொடிக்கு என்ன வேலை என்று ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும், "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. கட்டின புருஷன் நல்லுசாமிக்கே அது சரியாகப் பிடிபடவில்லை. "மெசேஜ் அனுப்புறதெல்லாம் ஒரு வேலையா?" என்று முதலில் கிண்டல் செய்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

உண்மையைச் சொன்னால், அவள் மெசேஜ் அனுப்புவதே இல்லை. மெசேஜ் தானாகப் போகும். யாருக்கு, எப்போது, எது போக வேண்டும் என்று ஒழுங்கு பண்ணி வைப்பதுதான் அவள் வேலை. பாகலூர் ரோட்டில் இருக்கிற ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அது. பேர் வேண்டாம், நல்ல மனுஷர்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு பெண் வந்து பேர் பதிந்தால் அன்றைக்கே ஒரு வரவேற்பு போகும். ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நினைவூட்டல். வரவில்லையென்றால் மூன்றாம் நாள் ஒரு விசாரிப்பு. மாத்திரை, தடுப்பூசி, பிள்ளை பிறந்தபின் நாற்பத்தைந்தாம் நாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இப்படிக் கோத்து வைப்பதற்கு அங்கே 'ஃப்ளோ' என்று பேர். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பொற்கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டாள்.

அவள் வந்து சேர்ந்தபோது அறுபத்து மூன்று ஃப்ளோக்கள் தாறுமாறாகக் கிடந்தன. 'நியூ', 'நியூ காப்பி', 'ஃபைனல்', 'ஃபைனல் ரெண்டு' என்று ஆளாளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஒன்றின் பேரே 'தொடாதே'. யார் வைத்தது, ஏன் தொடக்கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணிக்கு 'நாளை உங்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்து' என்று போயிருந்தது. அந்தப் பெண் பயந்துபோய் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாளாம்.

"அக்கா, இதை எப்படியாவது ஒழுங்கு பண்ணிக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் மேனேஜர் ரேவதி. ரேவதி ஓசூர்க்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், பொற்கொடியைவிடப் பத்து வயது சின்னவள். ஆகவே இவள் அவளை மேடம் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது செய்திருந்தால் நம்பர் போட்டு அடுக்கியிருப்பார்கள். பொற்கொடி அந்தப் பெண்களை நினைத்து அடுக்கினாள். மசக்கை என்று ஒரு ஃபோல்டர், வளைகாப்பு என்று ஒன்று, பிள்ளை வந்தாச்சு என்று ஒன்று. கரு தங்காமல் போனவர்களுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்கு 'பேசாதே' என்று பேர் வைத்தாள். அதில் ஒரு பெண்ணின் பேர் விழுந்த நிமிஷம் அவளுக்குப் போகிற எல்லாச் செய்தியும் நின்றுவிடும். காலை ஒன்பது மணிக்குப் போய்க்கொண்டிருந்ததை எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றியவளும் அவள்தான். ராத்திரி முழுக்க சி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவன் காதருகே காலை ஒன்பது மணிக்குப் போன் கத்தினால் அவன் பெண்டாட்டி பாடு என்ன ஆகும் என்பது, இருபத்தைந்து வருஷமாக ஒரு சி ஷிஃப்ட்காரரோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்குத் தெரியாதா?

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்த ஃபோல்டர் 'அம்மா வீடு'. அது பிறந்த கதை வேறு. ஓசூரில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். மதுரை, திருச்சி, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்து தங்கியவர்கள். ஏழாம் மாதம் வளையல் போட்டவுடன் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? 'நீங்கள் பரிசோதனைக்கு வரவில்லை' என்று வாராவாரம் அவர்களைக் கடிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "பிள்ளை பெத்துப் பத்து நாளாச்சு, எங்கம்மா மடியில படுத்திருக்கேன், இன்னும் என்னத்துக்கு வையுறீய?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அன்றைக்குத்தான் பொற்கொடி ஏழாம் மாதத்தில் போகிற அந்தக் கேள்வியை எழுதினாள். 'பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறீர்களா? போகிறீர்கள் என்றால் 1 என்று அனுப்புங்கள். இங்கேயே என்றால் 2.' ஒன்று போட்டவர்கள் 'அம்மா வீடு' ஃபோல்டருக்குப் போவார்கள், அவர்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இரண்டு போட்டவர்கள் 'இங்கேயே' ஃபோல்டருக்கு. அவர்களுக்கு வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு ஏதாவது ஒரு ஆலோசனை போகும். அதை வாரத்துக்கு வாரம் புதிதாக எழுதுவது பொற்கொடி.

ஒன்று போட்டவர்கள் முந்நூறைத் தாண்டுவார்கள். இரண்டு போட்டவர்கள் கொஞ்சம்தான். அம்மா இல்லாதவர்கள், அம்மா இருந்தும் போக முடியாதவர்கள். அந்தக் கேள்வியை எழுதும்போது பொற்கொடி அவர்களை அவ்வளவாக நினைக்கவில்லை.

போன ஆவணியில் அந்த மென்பொருள் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் புதுசுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பேர்கள் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. 'வளைகாப்பு' ஃபோல்டரில் பொற்கொடி பாதி வந்திருப்பாள். ஸ்வாதி, வயது இருபத்து நாலு, பாகலூர் என்று ஒரு வரி. ஊரில் ஸ்வாதிக்கா பஞ்சம்? தாண்டிப் போயிருப்பாள். பிறந்த தேதி கண்ணில் பட்டது. கணவர் பேர் பிரதாப். பிரசவத்தின்போது உடன் இருப்பவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

பெற்ற மகள். இரண்டு வருஷமாக முகம் பார்க்காத மகள். ஆறு மாதம்.

பொற்கொடி எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறோமா துக்கத்தில் அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மசக்கைக் காலம் முழுக்க, வாந்தி எடுத்தால் எலுமிச்சை முகர்ந்து பாருங்கள் என்று பெற்ற மகளுக்கே செய்தி போக வைத்தவள் அவள்தான். யாருக்குப் போகிறது என்று தெரியாமலே வைத்திருக்கிறாள்.

ஸ்வாதி, பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த பிரதாப்பைத் தானாகக் கல்யாணம் செய்துகொண்டவள். அவன் தெலுங்கு பேசுகிற பையன், வேற ஆட்கள். நல்லுசாமி குதித்த குதியில் விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போயிற்று. பெண் மேஜர். அழைத்துப் போக முடியாது, இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நல்லுசாமி பேனாவை வாங்கினார். "இவ எழுதட்டும், இவ எழுத்து நல்லாயிருக்கும்" என்று பேனாவை மனைவியிடம் தள்ளினார். பொற்கொடி எழுதினாள். 'இனிமேல் எங்கள் மகள் ஸ்வாதிக்கும் எங்களுக்கும் எந்தவிதச் சம்பந்தமும் இல்லை.' ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், வரி கோணாமல் எழுதினாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா திட்டியதற்கெல்லாம் அழுத பெண், அம்மா எழுதி முடித்த பிறகு அழவில்லை. அதுதான் பொற்கொடியை இன்றுவரை தின்கிறது. அப்போது பொற்கொடி மூக்கண்டப்பள்ளியிலேயே ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே "பொண்ணு என்னாச்சு?" என்று கேட்டதில்தான் அந்த வேலையை விட்டு இந்த மாடி அறைக்கு வந்தாள். இங்கே அவள் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவள் இங்கே இருப்பது மகளுக்கும் தெரியாது.

இப்போது நம்பர் கண் முன்னால் இருக்கிறது. எடுத்துப் பேசிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த வேலைக்குச் சேரும்போதும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நோயாளிகளின் நம்பரைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக்கூடாது. ரேவதி எதற்கு விட்டுக்கொடுத்தாலும் இதற்கு விட்டுக்கொடுக்க மாட்டாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம். போன் பண்ணி, அந்தப் பெண் 'யாரு?' என்று கேட்டு, தெரிந்ததும் வைத்துவிட்டால்? அதற்குப் பிறகு எதை நினைத்துக்கொண்டு நாளை ஓட்டுவது?

பரிசோதனைத் தேதி செவ்வாய்க்கிழமை என்று தெரியும். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு மாடி ஜன்னலில் நின்றாள். பிரதாப்பின் பைக் வந்து நின்றது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்வாதி மெல்ல இறங்கினாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி நடந்தாள். அவன் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே போனான், படியில் ஏறும்போது முழங்கையைத் தாங்கினான். பரவாயில்லை, நல்ல பையன்தான் என்று பொற்கொடி நினைத்தாள். அதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே நினைத்திருக்கலாம். ஜன்னலுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். படியிறங்கிப் போனால் மூன்று நிமிஷம் ஆகாது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து பைக் திரும்பிப் போனது.

வீட்டில் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"நம்ம ஸ்வாதி முழுகாம இருக்கா."

நல்லுசாமி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது. டிவியைச் சத்தமாக வைத்தார். மறுநாள் காலை சி ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினாவது மாசம்?"

"ஆறு முடியப் போவுது."

நல்லுசாமி போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு படுத்தார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

ஸ்வாதிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. கேள்வி எந்தத் தேதிக்கு, எந்த மணிக்குப் போகும் என்பது உலகத்திலேயே பொற்கொடிக்கு மட்டும்தான் தெரியும். அன்று நாலு மணிக்குக் கையில் வேலை எதுவும் ஓடவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறீர்களா? அந்த வரியை அவள் எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. அது இவ்வளவு கொடுமையான கேள்வி என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்று என்று வந்துவிடாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. எங்கே வருவாள், எந்த வீட்டுக்கு வருவாள், எழுதிக் கொடுத்தது என்ன ஆவது என்றெல்லாம் மனசு யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் வரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வேண்டிக்கொண்டாள்.

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது.

'2'

ஸ்வாதியின் பேர் தானாக நகர்ந்து 'இங்கேயே' ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது. அதோடு அங்கே எண்பத்தாறு பேர்.

அதற்குப் பிறகுதான் பொற்கொடிக்கு அந்தப் பழக்கம் வந்தது. வியாழக்கிழமை ஆலோசனை எழுதுகிற பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, முதலில் மகளுக்கு எழுதுவாள். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் எழுதுவாள். எழுதி, ஒரு தடவை படித்துவிட்டு, முழுக்க அழித்துவிடுவாள். பிறகு 'தினமும் எட்டு தம்ளர் தண்ணீர் குடியுங்கள்' என்று உண்மையான ஆலோசனையை எழுதி வைப்பாள். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை. இதைத் தப்பென்று யார் சொல்வார்கள்? அழிக்க மறக்காதவரை தப்பில்லை.

இதில் ஒன்று. இந்த வேலை செய்கிறவர்கள் செய்தியில் யார் பேரையும் நேராக எழுத மாட்டார்கள். பேர் வரவேண்டிய இடத்தில் 'பெயர்' என்ற பொத்தானைத் தட்டினால் போதும், யாருக்குப் போகிறதோ அவர் பேர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பொற்கொடியின் விரலுக்கு அது ஊறிப்போய்விட்டது. மகளுக்கு எழுதும்போதும் ஸ்வாதி என்று அடிக்காமல் அந்தப் பொத்தானையே தட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணி. அவள் எழுதி முடித்திருந்தாள்.

'பெயர், மதியம் சாப்பிட்டியா கண்ணு? தயிர்ச்சோத்துல சர்க்கரையக் கொட்டிக்காத, இப்பவாவது எம் பேச்சக் கேளு. கால் வலிச்சா வெந்நீர்ல உப்புப் போட்டுக் கால வை. ஒருக்களிச்சுப் படு. பயமா இருந்தா சொல்லு. எனக்கு உம்மேல கோவம் எப்பவோ போயிருச்சு. அம்மா.'

படித்தாள். அழிக்கக் கை போகிற நேரத்தில் கீழேயிருந்து ரேவதி போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஸ்கேன் மெஷின் நின்னுபோச்சு, சாயங்காலம் வர்றவங்களுக்கெல்லாம் உடனே சொல்லணும், லிஸ்ட் இங்கதான் இருக்குது, ஓடி வாங்க!" பொற்கொடி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் நின்றுகொண்டு நாற்பது பேருக்கு மேல் போன் பண்ணினாள். பெட்டியில் எழுதியதை எல்லாம் தானாகச் சேமித்து வைத்துக்கொள்வது அந்தக் கம்ப்யூட்டரின் நல்ல குணங்களில் ஒன்று. சரியாக நாலு மணிக்கு அனுப்புவது இன்னொன்று.

நாலேகாலுக்கு மாடியேறி வந்தவள் பதில் பெட்டியைப் பார்த்தாள். சாதாரண வியாழக்கிழமையில் இரண்டு பதில் வந்தால் அதிகம். அன்று முப்பத்தொன்று வந்திருந்தன. மேலும் வந்துகொண்டே இருந்தன. போன செய்தியைத் திறந்து பார்த்தாள்.

ஒவ்வொருத்திக்கும் அவள் பேர் சொல்லியே போயிருந்தது.

'சாப்ட்டேன்மா', 'சாப்ட்டேன் மா நீங்க சாப்ட்டீங்களா' என்று பல பேர். சம்பங்கி என்ற பெண், சாப்பாடு ஆச்சும்மா என்பதைக் கன்னடத்திலேயே, தமிழ் எழுத்தில் 'ஊட்டா ஆய்த்தம்மா' என்று போட்டிருந்தாள். ஒருத்தி, 'எனக்கு சுகர் இருக்கா? ரிசல்ட் வந்துருச்சா? நான் சர்க்கரையே போடறது இல்லியே' என்று பதறியிருந்தாள். ஒரு புருஷன், 'மேடம் நான் டூட்டியில இருக்கேன், போன் எங்கிட்ட இருக்கு, வீட்டுக்குப் போயி கேட்டு சொல்றேன்' என்று பொறுப்பாக எழுதியிருந்தான். ஃபிர்தௌஸ் என்ற பெண் எழுதியிருந்தாள்: 'எங்கம்மா மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு. என்னைய இப்படி யாரும் கேக்கல. நீங்க யாருன்னு தெரியல, நல்லா இருக்கணும்.'

பொற்கொடி கீழே இறக்கிக்கொண்டே போனாள். நாலு மணி மூன்று நிமிஷத்துக்கு வந்தது அங்கே இருந்தது.

'அம்மா, நீயா?'

அதற்குக் கீழேயே, அதே நாலு மணி மூன்று நிமிஷத்துக்கு, ஒரு பதிலும் போயிருந்தது. யார் எதை எழுதினாலும் உடனே தானாகப் போகிற பதில் அது. 'உங்கள் செய்திக்கு நன்றி. இது தானியங்கி எண். இங்கே உங்கள் செய்திகளை யாரும் படிப்பதில்லை.' வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பொற்கொடி எழுதிய வரிகள்தான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று ரேவதிகூட அன்று பாராட்டினாள்.

அதற்குப் பிறகு ஸ்வாதியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ரேவதி மேலே வந்தபோது பொற்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னக்கா இது? கீழ போன் மேல போன் வருது! யாரு அனுப்புனது, அம்மான்னு போட்டு? டாக்டரம்மா கேட்டா நான் என்னான்னு சொல்றது?" என்று கத்திக்கொண்டே வந்தவள், திரையைப் பார்த்தாள். நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தாள். ஃபிர்தௌஸின் பதிலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஸ்வாதியின் வரிக்கு வந்தபோது, "இது யாரு?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

பொற்கொடி சொன்னாள். ஸ்டேஷனில் எழுதியதிலிருந்து ஜன்னலில் நின்றதுவரை எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து, "நம்பரை நான் தொடல மேடம். சத்தியமா ஒரு தடவகூடத் தொடல" என்றாள்.

ரேவதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையில் இருந்த பதில்களை மறுபடி மேலிருந்து படித்தாள்.

"தப்பு தப்புதான்க்கா" என்றாள் கடைசியில். "டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நாளைக்கிக் காலையில எண்பத்தாறு பேருக்கும் ஆஸ்பத்திரி போன்லயே பேசி மன்னிப்புக் கேக்கணும். என்ன சொல்லணும்னு எழுதித் தர்றேன், அப்பிடியே படிங்க. ஒருத்தரையும் விடக்கூடாது." எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள். "ஒருத்தரையும்னா ஒருத்தரையும் விடக்கூடாதுக்கா."

மறுநாள் காலை பொற்கொடி கிளம்பும்போது நல்லுசாமி ஷிஃப்ட் முடிந்து உள்ளே நுழைந்தார்.

"இன்னைக்கி அவகிட்டப் பேசப்போறேன்" என்றாள்.

அவர் டிஃபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நான் கேட்டேன்னு எதுவும் சொல்லாத" என்றார். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றவர், பின்னாலேயே வேகமாக வந்து, "கேட்டேன்னே சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

ரேவதி எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பொற்கொடி வரிசையாகப் போன் பண்ண ஆரம்பித்தாள். 'வணக்கம், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம். நேற்று உங்களுக்குத் தவறுதலாக ஒரு செய்தி வந்திருக்கும். அதற்காக வருந்துகிறோம். தயவுசெய்து அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' பட்டியலில் ஸ்வாதி அறுபத்தொன்றாவது. முதலில் அவளுக்கே போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. தைரியம் வரவில்லை. வரிசைப்படியே போனாள்.

சிலர் சரி சரி என்று வைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். சுகர் பெண்ணுக்குச் சுகர் இல்லை என்று மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஃபிர்தௌஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பா வந்திருந்தாலும் பரவால்லக்கா, நான் அதை அழிக்க மாட்டேன்" என்றாள். "நேத்து ராத்திரி சர்க்கரை போடாமத்தான் சாப்ட்டேன்."

பதினொன்றரை மணிக்கு அறுபது பேர் முடிந்தார்கள். பொற்கொடி தண்ணீர் குடித்தாள். காகிதத்தை நேராக்கி வைத்துக்கொண்டு நம்பரைப் போட்டாள். நாலாவது மணி அடிக்கும்போது ஸ்வாதி எடுத்தாள்.

"ஹலோ."

என்னென்னவோ எழுதி எழுதி அழித்தவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கண் தானாகக் காகிதத்துக்குப் போயிற்று.

"வணக்கம்... ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம். நேற்று உங்களுக்குத் தவறுதலாக ஒரு செய்தி வந்திருக்கும். அதற்காக..."

குரல் உடைந்து நின்றது. மறுமுனையில் எங்கோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"தப்பா வந்துச்சுன்னு சொல்லத்தான் போன் பண்ணியாம்மா?" என்றாள் ஸ்வாதி.

பொற்கொடி காகிதத்தைத் திருப்பிப் போட்டாள்.

"எண்பத்தஞ்சு பேருக்குத் தப்பாப் போயிருச்சு கண்ணு" என்றாள். "உனக்குத் தப்பா வரல."

ஸ்வாதி போனை வைக்கவில்லை. முதலில் யார் அழுதது என்று இருவருக்கும் தெரியாது. கதவருகே வந்து நின்ற ரேவதி சத்தமில்லாமல் உள்ளே வந்து, மேஜை மேலிருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மிச்சம் இருந்த இருபத்தைந்து பேருக்கும் அன்று அவள்தான் போன் பண்ணினாள்.